படுக்கையில் அழுத்தும் முடிச்சு

பாவாடை நாடாவின் முடிச்சு இடுப்பில் அழுத்தினால், தூக்கத்திலேயே புரண்டு படுத்துவிடுவோம். தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இழந்தவருக்கு அப்படியொரு முடிச்சு இருப்பதே தெரியாது. விடிவதற்குள் தோல் கன்றிவிடும். கருத்த தோலில் சிவப்பு தெரியாமலும் போகலாம். அந்த இடம் தொட்டால் சூடாக, இறுகியிருந்தால் அதுவே படுக்கைப்புண்ணின் தொடக்கம்.

பல வீடுகளில் நைட்டியின் முதுகுப் பக்கத்தை வெட்டி, ஊக்கு குத்திவிடுகிறார்கள். பார்த்துக்கொள்பவரின் சிரமம் தீர்கிறது; ஊக்கு திறந்துகொண்டால் குத்துவது மரத்துப்போன தோலில். தடித்த தையலும் முதுகுப் பட்டனும்கூட ஆபத்துதான்.

நடுமார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இன்னொரு அபாயமும் உண்டு. இறுக்கமான எலாஸ்டிக்கோ, மடங்கிய சிறுநீர்க் குழாயோ போதும், ரத்த அழுத்தம் திடீரென எகிறிவிடும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகத்தில் வியர்வை என்றால் உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, உடையைத் தளர்த்தி, குழாயைச் சரிபார்க்க வேண்டும். தணியாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உயிரையே பறிக்கக்கூடியது இது.

இவ்வளவுக்கும் தீர்வு தெருமுனைத் தையல்காரரிடமே இருக்கிறது. மெல்லிய பருத்தித் துணி, முன்பக்கமோ பக்கவாட்டிலோ முழுநீளத் திறப்பு, வெல்க்ரோ, வால் எலும்புக்கு நேராகத் தையல் வராத வெட்டு, சிறுநீர்ப் பை வைத்திருப்பவருக்குக் கால்சட்டையின் உட்புறத்தில் ஒரு திறப்பு. இவற்றைச் சொன்னால் தைத்துவிடுவார். வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கம் மட்டும் தோலில் படக்கூடாது. பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில். நைலான் வேண்டாம்: தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டும், படுத்திருப்பவரால் எழுந்து ஓடவும் முடியாது.

ஆனால் எல்லாவற்றையும் குடும்பமே பார்த்துக்கொள்ளட்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 43ஆம் பிரிவில், எல்லோரும் பயன்படுத்தும் வடிவமைப்பில் நுகர்பொருள்கள் உருவாகி விற்பனைக்கு வர நடவடிக்கை எடுக்கும் பொறுப்பை அரசிடம் தந்திருக்கிறது. இந்தப் பிரிவைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு; உடைக்காகவும் இதைக் கையில் எடுக்க வேண்டும். உரிமை மறுக்கப்பட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

இணையத்தில் வாங்கிய உடை சொன்னபடி இல்லையென்றால், பில்லை வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால், வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.