பழைய ஜீப்பில் முறிவது எது, மாற்றுவது எது

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், காரைதீவுக்குத் தெற்கே, கிழக்கில் கடல்மணலும் மேற்கில் நெல்வயலுமாக அமைந்த நிந்தவூரில், ஏ4 நெடுஞ்சாலையை விட்டு வயல்வட்டைக்குள் இறங்கும் எந்த வாகனமும் சில நூறு யார் தூரத்துக்குள்ளேயே தார்வீதிக்காகச் செய்யப்பட்டதா, சுரிக்காகச் செய்யப்பட்டதா என்பதைக் காட்டிவிடும். பெரும்போக மழைக்காலத்தில் வரம்போரப் பாதைகள் கரைந்து போகும்போது அங்கே செல்லக்கூடியவை உழவு இயந்திரம், லாண்ட்மாஸ்டர் எனப்படும் இருசக்கர உழவு இயந்திரம், நான்கு சக்கரங்களாலும் இழுக்கும் ஜீப் ஆகிய மூன்றுமே. அவற்றுள் ஜீப் என்று பொதுப்பெயரால் அழைக்கப்படும் வகைக்குள் பிரித்தானிய லாண்ட் ரோவரும், அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் உரிமம் பெற்று 1953 முதல் 1998 வரை ஜப்பானில் தயாரிக்கப்பட்ட மிட்சுபிஷி ஜீப்பும் அடங்குகின்றன. பின்னதை இலங்கையர் அதன் டீசல் எஞ்சினின் பெயராகிய ‘4டிஆர்5’ என்பதாலேயே அறிவர். 1957 இல் அறிமுகமாகிப் பெரும் அரசியல் கொந்தளிப்பைக் கிளப்பிய சிங்கள ‘ஸ்ரீ’ இலக்கத் தகட்டைத் தாங்கிய லாண்ட் ரோவர்கள் இலங்கை வீதிகளில் இன்றும் ஓடுகின்றன; அந்தத் தகடு, தன் வரலாற்றை மறந்தவர்களுக்கும் வண்டியின் வயதைச் சொல்லிவிடும்.

இத்தகைய வண்டிகள் பிழைத்திருப்பதற்கு ஏக்கமோ பற்றோ மட்டும் காரணமன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் கதவு திறக்கப்பட்ட இடைக்காலத்தில், கையிலிருந்த வண்டியை எப்பாடுபட்டேனும் ஓடவைப்பது நாடெங்கும் கட்டாயமாயிற்று. அந்த ஓடவைத்தலில் மிகுந்த பணம் விழுங்குவதும் மிகுந்த பிழைகள் நேர்வதும் எஞ்சினில் அன்று, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவிலுள்ள வலுக்கடத்தும் தொகுதியிலேயாகும்.

எஞ்சினில் பிறக்கும் சுழற்சி முதலில் கிளட்ச் வழியாகக் கியர் பொக்ஸுக்குள் நுழைந்து, அங்கிருந்து ‘ட்ரான்ஸ்பர் பொக்ஸ்’ எனப்படும் பங்கிடும் பெட்டிக்குச் சென்று, முன்னுக்கொன்றும் பின்னுக்கொன்றுமாக நீளும் புரொப்பெலர் சாப்ட் என்னும் இரு சுழல்தண்டுகள் மூலம் ஒவ்வோர் அச்சின் நடுவிலும் உள்ள டிபரென்ஷலை அடைந்து, அதன் இரு பக்கமும் செல்லும் அச்சுத்தண்டுகளால் சக்கரங்களைத் திருப்புகிறது. இவ்வழியில் சுழற்சி மெதுவாகும் அளவுக்கு முறுக்குவிசை, அதாவது தண்டைத் திருகும் பலம், பெருகுகிறது. 1971 முதல் 1985 வரை வெளிவந்த மூன்றாம் தொடர் லாண்ட் ரோவரின் 2,286 கனசென்ரிமீற்றர் டீசல் எஞ்சின் தருவது ஏறத்தாழ 140 நியூட்டன் மீற்றர் மட்டுமே. ஆனால் பங்கிடும் பெட்டியைத் தாழ்நிலைக்கு மாற்றி முதலாம் கியரில் ஓட்டும்போது, எஞ்சின் 40.7 முறை சுழன்றாலே சக்கரம் ஒருமுறை சுழலும் என்பதால், உராய்வில் இழப்பவை போக, அச்சுகளில் 5,000 நியூட்டன் மீற்றருக்கு மேற்பட்ட திருகுபலம் வந்து நிற்கிறது. சேற்றில் புதைந்த வண்டியின் சாரதி கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் அத்தனையும் ஒரு கணத்தில் ஏதோவொரு தண்டின் மேல் இறங்கும். இக்கணக்கை அறிந்தவருக்கு முறிவு வியப்பளிக்காது. எந்த இடத்தில் முறியும் என்பதே அவருடைய கேள்வியாக இருக்கும்.

பழுதைக் கண்டுபிடிப்பதில் திறமை என்பது பெரும்பாலும் காதின் திறமையே. வண்டி நின்றபடி, கியர் நடுநிலையில் இருக்க, கிளட்ச் மிதியை அழுத்தும்போது மட்டும் கிறீச்சிடும் ஒலி கேட்டால் அது கிளட்ச்சை விலக்கும் பெயரிங்கின் தேய்வு. மாறாக, மிதியை விட்டிருக்கும்போது உறுமி, அழுத்தியதும் அடங்கினால், கியர் பொக்ஸின் முதற்றண்டைத் தாங்கும் பெயரிங் கெட்டிருக்கிறது. புறப்படும்போதும் கியர் மாற்றும்போதும் ‘டொங்’ என்று ஓர் அடி கேட்பது சுழல்தண்டின் இரு முனைகளிலும் உள்ள குறொஸ், அதாவது தண்டு வளைந்த கோணத்திலும் சுழல இடந்தரும் சிலுவை மூட்டு, ஆட்டம் கண்டதன் அடையாளம். ஓடும் வேகத்தோடு ஏறியிறங்கும் ஊளை டிபரென்ஷலில் இருந்து வருவது. அதிலும் வேகமூட்டும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் ஓய்ந்தால் அல்லது அதற்கு நேர்மாறாக நடந்தால், பெரிய பல்வட்டமாகிய கிரவுனும் அதைத் திருப்பும் சிறிய பினியனும் ஒன்றோடொன்று பொருந்தும் இடம் விலகிவிட்டது என்று கொள்ளலாம். ஒரே வேகத்தில் மட்டும் வண்டி முழுவதும் நடுங்குவது பெரும்பாலும் அண்மையில் கழற்றிப் பூட்டிய சுழல்தண்டின் குற்றம்: அதன் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்குமாறு பூட்டப்பட வேண்டும், ஒரு பல் தவறினாலும் ஒரு முனையின் ஏற்ற இறக்கத்தை மறுமுனை சமன்செய்யாமல் போய்விடும். புதுக் குறொஸ் போட்டும் நடுக்கம் நிற்கவில்லை என்று மீண்டும் பட்டறைக்கு வரும் வண்டிகளில் இதை முதலில் பார்ப்பது செலவை மிச்சப்படுத்தும்.

காதுக்கு அடுத்தது விரல். ஒயிலை வடிக்கும் அடிமரையைக் கழற்றும்போது அதில் ஒட்டியிருக்கும் சாம்பல்நிறப் பசை இயல்பான தேய்வு. விரலிடையில் உருட்டும்போது நெருடும் செதில்கள் பெயரிங்கோ பல்லோ உதிர்வதைச் சொல்லும். பொன்னிறத் துகள் தென்பட்டால் கியர்களின் வேகத்தை ஒன்றிணைக்கும் பித்தளை வளையங்கள் அரைபடுகின்றன. இந்தப் பித்தளையைப் பற்றி ஒரு சொல்: ஒயில் தகரத்தில் ‘ஜிஎல்-5’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு, எண் பெரிதானால் தரமும் பெரிது என்று எண்ணிப் பழைய கியர் பொக்ஸுக்குள் அதை ஊற்றுவோர் உளர். அந்த ஒயில் டிபரென்ஷலின் கடும் அழுத்தத்துக்கு உகந்தது. ஆனால் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கக்கூடியவை என்பதால் பழைய கியர் பொக்ஸுக்கு ‘ஜிஎல்-4’ வகையே பாதுகாப்பானது.

வடிந்த ஒயில் பால்தேத்தண்ணியின் நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடேறிய அச்சுக்கூடு குளிர்ந்த நீருக்குள் இறங்கியவுடன் உள்ளிருக்கும் காற்று சுருங்குவதால், தேய்ந்த ஒயில் சீல்களின் ஓரமாகவும் மேலுள்ள மூச்சுத்துளை வழியாகவும் நீர் உறிஞ்சப்படுகிறது. மூச்சுத்துளையில் ஒரு குழாயைப் பொருத்தி அதை எஞ்சின் அறையின் உயரத்துக்குக் கொண்டுசெல்வது மிக எளிய, மிக மலிவான பாதுகாப்பாக இருந்தும், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைச் செய்வதில்லை என்று சொன்னாலும் மிகையாகாது. எனினும் இத்தகைய ஏற்பாடுகளால் வண்டி வெள்ளத்தைக் கடக்கவல்லதாகிவிடுகிறது என்ற எண்ணம் ஆபத்தானது. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில், நிந்தவூர் மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் இழுபட்டு உயிர்கள் பறிபோன துயரம் அப்பகுதியில் எவரும் மறக்கக்கூடியதன்று. சக்கரம் நிலத்தைப் பற்றுவதற்கு வண்டியின் எடை நிலத்தின் மேல் இருக்க வேண்டும், பாயும் நீரோ அந்த எடையைத் தூக்கிவிடுகிறது, அதன்பின் எத்தனை சக்கரங்கள் இழுத்தாலும் பயனில்லை.

கடலோரத்துக்கே உரிய இன்னொரு கேடு, லாண்ட் ரோவரின் முன்சக்கரங்கள் திரும்புவதற்கான உருண்டைக் கூட்டில் தெரியும். குரோமியம் பூசிய அந்த உருண்டையை உப்புக்காற்று அரித்துப் புள்ளிக்குழி விழச்செய்ய, குழியின் கூர்விளிம்பு ஒயில் சீலைக் கிழிக்க, ஒயில் வடிந்து உள்ளிருக்கும் மூட்டு வறண்டு தேய்கிறது. சீலை மட்டும் மாற்றுவது சில மாதத்துக்கான தவணையே; உருண்டையையும் சேர்த்து மாற்றினாலன்றி வேலை முடிந்ததாகாது.

இனி முறிவுக்கு வருவோம். பழைய லாண்ட் ரோவரில் அதிகம் முறிவது பின் அச்சுத்தண்டு; அதுவும் டிபரென்ஷலுக்குள் செருகப்படும், பத்துப் பற்கள் வெட்டிய உள்முனையில். இதனை வடிவமைப்பின் குறை என்று இகழ்வோர் உண்டு. ஆனால் அந்த அச்சு முழுமிதவை வகையைச் சேர்ந்தது: வண்டியின் எடையை வெளிக்கூடும் சக்கர பெயரிங்குகளும் தாங்கிக்கொள்ள, தண்டு திருகுவதை மட்டுமே செய்கிறது. ஆகவே சக்கரத்தைக் கழற்றாமலே, நடுவிலுள்ள ஆறு போல்ட்டுகளை அவிழ்த்து முறிந்த தண்டை உருவி, உள்ளே சிக்கிய துண்டைக் காந்தத்தால் எடுத்துவிட்டு, மஞ்சள் குமிழுள்ள லிவரை அழுத்தி முன்சக்கர இழுவையில் வீடு வந்து சேரலாம். அரைமிதவை அச்சுள்ள வண்டிகளிலோ தண்டே எடையையும் தாங்குவதால், வெளிமுனையில் முறிந்தால் சக்கரமும் கூடவே கழன்றுபோகும். மலிவான, எட்டும் இடத்திலுள்ள ஓர் உறுப்பு முதலில் முறிவதால், விலையுயர்ந்த, எட்டாத இடத்திலுள்ள பல்வட்டங்கள் தப்புகின்றன. மிகத் தடித்த தண்டைப் போட்டுப் பெருமைப்படுபவர் முறிவை ஒழிப்பதில்லை. அதை டிபரென்ஷலுக்கு அனுப்பிவைக்கிறார்.

இவ்வேலையில் கவனிக்காவிட்டால் உயிருக்கே உலைவைக்கும் ஒன்று உண்டு. இவ்வண்டிகளின் கைத்தடை சக்கரத்தில் இல்லை, பங்கிடும் பெட்டியின் பின்முனையில் உள்ளது. அது பின் சுழல்தண்டைப் பிடித்தே வண்டியை நிறுத்துகிறது. அச்சுத்தண்டையோ சுழல்தண்டையோ கழற்றிய கணத்திலிருந்து, முன் இழுவை பூட்டப்படாத நிலையில், இழுத்துவைத்த கைத்தடைக்கு ஒரு பொருளும் இல்லை. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே வண்டிக்கடியில் போக வேண்டும். பூட்டும் கருவியிலும் கவனம் வேண்டும்: சுழல்தண்டின் நட்டுகள் 9/16 அங்குல அளவானவை, அதாவது 14.29 மில்லிமீற்றர், ஜப்பானிய வண்டிக்கான 14 சாவி அதில் ஏறாது, 15 சாவி மூலைகளை வழித்துவிடும்.

உறுப்பை மாற்றுவதில் இருந்து வேறு இன உறுப்பைப் பொருத்துவதற்குப் போகும்போது சிக்கல் பன்மடங்காகிறது. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் சோடியாகவே உரசிப் பொருத்தப்பட்டு ஒரே இலக்கம் இடப்படுபவை. கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் ஒன்றை ஒரு கடையிலும் மற்றதை வேறொரு கடையிலும் வாங்குவது வீண்செலவு. முழு டிபரென்ஷலையும் ஒன்றாக வாங்குவதே மேல். அப்போதும் விகிதத்தை அளந்து பார்க்க வேண்டும். ஒரு சக்கரத்தை நிலத்தில் விட்டு மற்றதை உயர்த்தி, உயர்த்தியதை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றும்போது சுழல்தண்டு எத்தனை முறை சுழல்கிறது என்று எண்ணினால் அதுவே விகிதம். பழைய லாண்ட் ரோவரில் அது நாலேமுக்காலுக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 4.7 ஆக வரும். அதே கூட்டில் பொருந்திவிடும் ரேஞ்ச் ரோவரின் டிபரென்ஷலில் 3.54 வரும். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு விகிதம் இருந்தால், நான்கு சக்கர இழுவையைப் பூட்டியவுடன் இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று எதிர்த்துத் திருகிப் பங்கிடும் பெட்டியைப் பிளக்கும். விகிதம் ஒன்றாக இருந்தாலும் நடு டிபரென்ஷல் இல்லாத இவ்வண்டிகளில், வளைவில் முன்சக்கரங்கள் நீண்ட வழி செல்வதால் அதே எதிர்ப்பு சிறு அளவில் எழுகிறது. சேற்றில் சக்கரம் வழுக்கி அது தீர்ந்துவிடும், தாரில் தீராது. எனவே வயலை விட்டுத் தார்வீதிக்கு ஏறியதும் முன் இழுவையை விடுவிப்பது கட்டாயம்.

இசுசு போன்ற ஜப்பானிய டீசல் எஞ்சின்களை லாண்ட் ரோவரில் ஏற்றுவது இலங்கையில் பழகிப்போன வேலை. எரிபொருளும் உதிரிப்பாகமும் மிச்சமாவது உண்மை. ஆனால் எஞ்சினையும் கியர் பொக்ஸையும் இணைக்கும் இடைத்தகடு துல்லியமாகக் கடையப்படாமல் இரண்டின் நடுக்கோடும் மயிரிழை விலகினால், முதற்றண்டின் நுனியைத் தாங்கும் சிறு புஷ் முதலிலும் அதன் பெயரிங் அடுத்தும் போகும்; பிறகு ஆண்டுக்கொரு கியர் பொக்ஸ் என்று கணக்கு ஓடும். மெதுவாகச் சுழலும் புது எஞ்சினுக்கேற்ப 3.54 டிபரென்ஷலைப் போட்டவர் வேகமானியையும் திருத்த வேண்டும், ஏனெனில் அது பங்கிடும் பெட்டியிலிருந்து இயங்குவதால், முள் 60 ஐக் காட்டும்போது வண்டி உண்மையில் 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், தடைகளோ பழைய உருளைத் தடைகளாகவே இருக்கும். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் இருப்பதால் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுசெய்வதும் அவசியம். அதைத் தள்ளிப்போட்டவர் வண்டியை விற்கும் நாளில் அகப்படுவார்.

வாங்கிய பழைய ஜீப்புக்கு ஒதுக்கக்கூடிய பணம் குறைவாயிருந்தால், முதலில் எல்லாப் பெட்டிகளின் ஒயிலும் மூச்சுக்குழாய்களும், அடுத்து சீல்களும் குறொஸ்களும், அதன்பின் கிளட்ச், பெயரிங்குகள் என்று செலவிடுவதே முறை. எஞ்சின் மாற்றம் கடைசி இடத்துக்குரியது, பெரும்பாலான வண்டிகளில் அது தேவைப்படுவதே இல்லை.