உங்களுக்குத் தெரியுமா? – ஆம்ப்ளிஃபயர் ஸ்பெஷல்

ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போனால் காதில் விழும் முதல் வார்த்தை ‘வாட்ஸ்’. அட்டைப்பெட்டியில் அச்சிடாத சங்கதிகள் சில, இதோ...

✦ 50 வாட்ஸைக் கொடுத்துவிட்டு 100 வாட்ஸ் வாங்கினால் சத்தம் இரட்டிப்பாகிவிடாது. கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க, ஏறக்குறைய 500 வாட்ஸ் வேண்டும்!

✦ பெரும்பாலான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களில் ஒலி அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் சுமக்கின்றன. சிலிக்கான் டிரான்சிஸ்டர் கண் விழிக்கவே சுமார் 0.6 வோல்ட் கேட்கும். அதனால் கைமாறும் இடத்தில் அலை நொண்டும். பெயர், கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன். பெரிய சத்தத்தில் அமுங்கிவிடும் இந்தக் குறை, மெல்லிய வீணை ஒலியில் அப்பட்டமாகத் தெரியும். மருந்து? பாட்டு இல்லாதபோதும் இரண்டிலும் கொஞ்சம் கரண்டை ஓடவிடுவது. இதுதான் ‘பயாஸ்’.

✦ அந்தக் கரண்டும் வம்பு செய்யும். சூடானால் கரண்ட் கூடும். கரண்ட் கூடினால் இன்னும் சூடாகும். கடைசியில் டிரான்சிஸ்டரே கருகும். அதனால்தான் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கிலேயே ஒரு சின்ன டிரான்சிஸ்டரைக் காவலுக்குப் பொருத்துகிறார்கள். சூடு ஏற ஏற அது பயாஸைக் குறைத்துவிடும்.

✦ டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே மெல்லிய மைக்கா தகடு வைப்பதுண்டு. சூட்டைக் கடத்த வேண்டும், மின்சாரத்தைத் தடுக்க வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒரே தகடு!

✦ வெளியே வரும் ஒலியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பி, உள்ளே வருவதோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துவது நெகட்டிவ் ஃபீட்பேக். 1927 ஆகஸ்ட் 2 அன்று, ஹட்சன் ஆற்றில் வேலைக்குப் படகில் போன பொறியாளர் ஹெரால்டு பிளாக், கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழிலேயே இதைக் கிறுக்கிவைத்தார். அவர் தேடியது தொலைபேசித் தடத்துக்கான தீர்வு. அப்போது டிரான்சிஸ்டர் பிறக்கவே இன்னும் 20 ஆண்டுகள் இருந்தன!

✦ 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் தர, அலையின் உச்சத்தில் 40 வோல்ட்டும் 5 ஆம்பியரும் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரும் கெப்பாசிட்டரும் சோப்ளாங்கியாக இருந்தால், மிருதங்கத்தின் ஓர் அடியிலேயே அலையின் தலை மொட்டையாகிவிடும். பழைய கைகள் பெட்டியைத் தூக்கிப் பார்த்தே எடை போட்டது இதற்காகத்தான்.

✦ ஆன் செய்த சில நொடிகள் கழித்து ‘டக்’ என்று கேட்கிறதா? அது ரிலே. மின்சாரம் நிலைப்பட்ட பிறகே ஸ்பீக்கரை இணைக்கும். பவர் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி டிசி பாய்ந்தால், ஸ்பீக்கர் காயில் கருகும் முன் இணைப்பைத் துண்டிப்பதும் இதுவே.

✦ டி கிளாஸ் ஆம்ப்ளிஃபயரில் ‘டி’ என்றால் டிஜிட்டல் அல்ல. ஏ, பி, சிக்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான். இதில் டிரான்சிஸ்டர்கள் நொடிக்கு லட்சக்கணக்கான முறை ஆன், ஆஃப் ஆகும் வெறும் சுவிட்சுகள். வீணாகும் சூடு குறைவு. ஹீட் சிங்க் சின்னது. கூடவே ஸ்விட்ச் மோட் பவர் சப்ளையும் சேர்ந்தால் கனத்த டிரான்ஸ்ஃபார்மரும் தேவையில்லை. தூக்கிப் பார்த்து வாங்கும் வித்தை இதனிடம் பலிக்காது!