களப்பும் ஹிமாவும்: இறால் பண்ணைகள் தரும் பாடம்

அபிவிருத்தி வேண்டுமா, சுற்றாடல் வேண்டுமா என்று இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்வது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. உயர்தர வகுப்பில் விவாதம் வைத்தாலும் பிள்ளைகள் இந்த இரண்டு அணிகளாகத்தான் பிரிந்து நிற்கிறார்கள். கடலையும் களப்பையும் நம்பி வாழும் எங்கட ஊர்களுக்கு இந்தக் கேள்வியே பொருந்தாது என்பது என் கருத்து. சிலாபம் முதல் புத்தளம் வரையான இறால் பண்ணைகளின் வரலாறு அதற்கு நல்ல சான்று.

1980களில் இப்பகுதியில் இறால் வளர்ப்பு வேகமாகப் பரவியது. ஏற்றுமதியில் நல்ல விலை கிடைத்ததால் பெரிய கம்பனிகளோடு சிறு முதலுடையோரும் இறங்கினார்கள். முந்தல் களப்பைச் சூழவும் ஒல்லாந்தர் கால்வாயின் ஓரங்களிலும் கண்டல் காடுகளும் உவர் நிலங்களும் பண்ணைக் குளங்களாயின.

எல்லாரும் ஒரே நீரைத்தான் பம்ப் பண்ணி எடுத்தார்கள். தீனி மிச்சமும் கழிவும் கலந்த நீரை அதற்குள்ளேயே திருப்பி விட்டார்கள். ஒருவர் வெளியேற்றியது அடுத்தவரின் குளத்துக்குள் போனது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. இந்த வைரஸ் மனிதருக்குத் தீங்கு செய்யாது. ஆனால் குளத்து இறாலைச் சில நாட்களிலேயே அழித்துவிடும். பொது நீர் வழியே நோயும் பண்ணைக்குப் பண்ணை பரவியது. பல பண்ணைகள் கைவிடப்பட்டன.

கைவிட்ட குளத்தைப் பழைய நிலமாக்குவதும் இலகுவல்ல. கண்டல் நிலத்தின் அடிமண்ணில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் உண்டு. நீருக்குள் கிடக்கும்வரை அதனால் தொந்தரவில்லை. வெட்டிக் காற்றுப்பட விட்டால் கந்தக அமிலம் உருவாகும். மீனும் நண்டும் இறாலும் குஞ்சுப் பருவத்தைக் கழிப்பது கண்டல் வேர்களுக்கிடையில்தான். ஆகவே கண்டலை அழித்த நட்டம், ஒரு குளமும் வெட்டாத வலைக்காரனின் தலையிலும் விழுந்தது.

பின்னர் நெக்டா எனப்படும் அரச அதிகார சபையும் பண்ணையாளர் சங்கங்களும் பண்ணைகளை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எப்போது குஞ்சு விடலாம் என்று நாட்காட்டி போட்டன. வட்டை விதானை முறைவைத்து வயலுக்குத் தண்ணீர் விடுவது போன்ற ஏற்பாடுதான் இது. நோய் முற்றாக ஒழியவில்லை. என்றாலும் தொழில் நிலைத்தது. கட்டுப்பாடு தொழிலைக் கெடுக்கும் என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இது நமக்குப் புதிய சிந்தனையல்ல. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு அருகே நகீஉ என்ற இடத்தை ஹிமாவாக, அதாவது பொது நலனுக்காக ஒதுக்கிய மேய்ச்சல் நிலமாக ஆக்கினார்கள். உமர் (ரழி) அவர்கள் தமது காலத்தில் ஹிமாவின் பொறுப்பாளரிடம் சொன்ன அறிவுரை புஹாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகமும் சில ஆடும் மட்டுமே உள்ள ஏழையை உள்ளே விடும்படியும், செல்வந்தரான உஸ்மான் (ரழி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) ஆகியோரின் மந்தைகள் விடயத்தில் எச்சரிக்கையாக இருக்கும்படியும் அவர் கூறினார். கால்நடை அழிந்தாலும் செல்வந்தருக்குத் தோட்டமும் விவசாயமும் உண்டு. ஏழைக்கு வேறு வழியில்லை என்பதே காரணம்.

இதில் இரண்டு விதிகள் இருக்கின்றன. வளத்துக்கு எல்லை வேண்டும். அந்த எல்லைக்குள் முதலிடம், அதைத் தவிர வேறு போக்கிடம் இல்லாதவனுக்கு. நம் சுற்றாடல் பேச்சுகளில் முதலாவதைச் சொல்கிறோம், இரண்டாவதை விட்டுவிடுகிறோம். அதனால்தான் "காட்டைக் காக்கச் சொல்றவங்க எங்கட வயித்தப் பார்க்கிறாங்களா?" என்று மீனவர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது.

கண்டல்கள் அனைத்தையும் பாதுகாக்கும் திட்டத்தை இலங்கை 2015இல் அறிவித்தது. அறிவிப்பு மட்டும் போதாது. கிழக்கின் களப்போரங்களிலும் இறால் பண்ணை பற்றிய பேச்சு எழுகிறது. அப்படியொரு திட்டம் ஊருக்கு வரும்போது பள்ளிவாசல் நிருவாக சபையும் மீனவர் சங்கமும் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: கழிவு நீர் எங்கே போகும்? எத்தனை குளத்தோடு நிறுத்துவீர்கள்? களப்பு கெட்டால் முதலில் பட்டினி கிடப்பவர் யார்? கையெழுத்துப் போடுவதற்கு முன்னரே இதற்கான பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.