சொடக்கில் நிமிராத முதுகு

வளரும் பெண்ணின் தோள் ஒரு பக்கம் இறங்கினால் குடும்பம் தடவலுக்கும் 'டக்' சிகிச்சைக்கும் ஓடுகிறது. அதற்குள் கைநழுவுவது திரும்பி வராத இரண்டு வருடங்கள்.

சில வீடுகளில் இதை முதலில் கண்டுபிடிப்பவர் டாக்டர் அல்ல, டெய்லர். எட்டாம் வகுப்புச் சீருடைக்கு அளவெடுக்கும்போது ஒரு தோள் மற்றதைவிட அரை அங்குலம் இறங்கி நிற்கிறது. தைத்துக் கொடுத்த சுடிதாரின் விளிம்பு ஒரு பக்கம் தூக்கிக்கொள்கிறது. தையல் கோளாறு என்று பிரித்துத் தைக்கச் சொல்கிறார் அம்மா. மறுபடியும் அதே கதை. "நேரா நில்லுடி" என்று பெண்ணுக்கு ஓர் அதட்டல். அவள் நேராகத்தான் நிற்கிறாள். வளைந்திருப்பது முதுகெலும்பு.

மருத்துவர்கள் ஸ்கோலியோசிஸ் என்று அழைக்கும் இந்தக் கோளாறில், பின்னாலிருந்து பார்த்தால் நேர்க்கோடாகத் தெரிய வேண்டிய முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது. வளைவதோடு நிற்பதில்லை, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. அந்த முறுக்கு விலா எலும்புகளையும் இழுப்பதால் முதுகின் ஒரு பக்கம் மேடாகிறது. எக்ஸ்ரேயில் அளந்து வளைவு 10 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால்தான் இந்தப் பெயர். வளரிளம் பருவத்தினரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கும் என்பது உலக அளவிலான கணக்கு. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாத சிறு வளைவுகள். அவற்றில் ஆண், பெண் வித்தியாசம் அதிகமில்லை. ஆனால் வளைவு 30 டிகிரியைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒரு பையனுக்குப் பத்துப் பெண்கள் என்று விகிதம் தலைகீழாகிறது.

அந்தப் பெண்ணின் முதுகை யார் பார்க்கிறார்கள்? எட்டு ஒன்பது வயதுவரை அம்மாவோ பாட்டியோ எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள். அதற்குப் பிறகு குளியலறைக் கதவு தாழிடப்படுகிறது. துப்பட்டா வருகிறது, இரட்டைச் சடை முதுகில் தொங்குகிறது. வளைவு வேகம் பிடிக்கும் காலமும் சரியாக இதுதான்: 10 வயதிலிருந்து 14 வரை, உயரம் கிடுகிடுவென்று கூடும் பருவம். பெண் பெரியவளாகி, பட்டுப்புடவை கட்டி, உறவெல்லாம் கூடி அவளை நிமிர்ந்து பார்க்கும் நாளில் அந்த வேக வளர்ச்சியின் உச்சம் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். மிச்சமிருப்பது சுமார் இரண்டு வருட வளர்ச்சி. மருத்துவர்கள் வேலை செய்ய முடிவதும் அந்த மிச்சத்தில்தான்.

அந்த நேரத்தில் ஒரு குடும்பம் எந்தப் பக்கம் போகும் என்பதற்கு விழிஞ்ஞம் நல்ல உதாரணம். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கோவளத்தை ஒட்டிய மீனவர் ஊர். ஆய் மன்னர்களின் பழைய துறைமுகம். பாண்டிய, சோழ சாசனங்களில் இடம்பெறும் பெயர். 2024 ஜூலையில் 'சான் பெர்னாண்டோ' என்ற முதல் கன்டெய்னர் கப்பல் இங்கே புதிய துறைமுகத்துக்கு வந்தபின் நாடறிந்த பெயராகிவிட்டது. கோவளம் பக்கம் திரும்பினால் சுற்றுலாப் பயணிகளுக்கான ஆயுர்வேத உழிச்சில் பலகைகள். தெற்கே கன்னியாகுமரி மாவட்டம்வரை களரியும் வர்மமும் அறிந்த ஆசான்களின் மரபு உயிரோடு இருக்கிறது; மீன்பிடி வலையை இழுத்துத் தோள் பிசகினாலும், படகில் விழுந்து இடுப்பு பிடித்தாலும் முதலில் நினைவுக்கு வருவது ஆசானின் கைதான். இவற்றோடு இப்போது கையில் இருக்கும் போனில் இன்னொரு ஆசான்: கைரோபிராக்டிக். நோயாளியைக் கவிழ்த்துப் படுக்கவைத்து முதுகில் ஒரு அமுக்கு, 'டக்', முகத்தில் புன்னகை. ஒரு நிமிட வீடியோ. அரசு மருத்துவக் கல்லூரியின் எலும்பியல் பிரிவு நகரத்தில் இருக்கிறது. அங்கே போக ஒரு நாள் கூலியை விட வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். கடைசியாக அங்கே போவதில் ஆச்சரியமில்லை.

ஒரே இழுப்பில் நிமிர்த்திவிடும் ஆசை புதிதல்ல. பாகவதத்தில் மூன்று கோணல் உடைய குப்ஜையின் பாதங்களைக் கண்ணன் தன் காலால் அழுத்திக்கொண்டு, மோவாயில் இரு விரல் கொடுத்துத் தூக்க, அவள் நிமிர்ந்து அழகியாகிறாள். கண்ணனால் முடிந்தது. கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டிஸ் காலத்தில் வளைந்த முதுகுக்காரரை ஏணியில் கட்டி, உயரத்திலிருந்து செங்குத்தாகக் கீழே போட்டு உலுக்கும் சிகிச்சை இருந்தது. கூட்டத்தை வாய்பிளக்க வைக்கும் ஆசையில்தான் பலர் இதைச் செய்கிறார்கள் என்று அவரே சலித்துக்கொண்டார். இன்றைய வீடியோக்களைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

கைரோபிராக்டிக் பிறந்தது 1895இல், அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில். காந்த சிகிச்சை செய்துவந்த டேனியல் டேவிட் பால்மர், அதே கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லார்டின் முதுகில் துருத்தியிருந்த எலும்பை அழுத்தித் தள்ளினார். பல வருடங்களாக மந்தமாக இருந்த காது கேட்டது என்பது அவர் சொன்ன கதை. செவி நரம்பு முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லையே என்ற கேள்விக்குச் சரியான பதில் இதுவரை இல்லை. எனினும் கல்லூரிகள் தோன்றின, பல நாடுகள் உரிமச் சட்டங்கள் இயற்றின. குறைந்தது 4,200 மணி நேரப் பயிற்சி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2005இல் வழிகாட்டியே வெளியிட்டது. பெரியவர்களின் சாதாரண இடுப்புவலிக்கு இந்தக் கை வைத்தியம் ஓரளவு நிவாரணம் தருகிறது. 2017இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி, மாத்திரைக்கு முன் முயலக்கூடியவற்றில் ஒன்றாக இதைச் சேர்த்தது. அதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் வலிக்கும் வளைவுக்கும் உள்ள தூரம் அதிகம். முதுகை அமுக்கும்போது வரும் 'டக்', விரலில் சொடக்கு எடுக்கும்போது வருவதன் பெரிய அண்ணன்தான்: மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும் ஓசை. எலும்பு இடம் மாறி உட்கார்ந்ததற்கு அது அடையாளமல்ல. தசை தளர்கிறது, சுகமாக இருக்கிறது; சலூனில் தலைக்கு மசாஜ் செய்துவிட்டுக் கழுத்தைத் திருப்புவாரே, அதே சுகம். வளரும் பிள்ளையின் முறுக்கிக்கொண்ட முதுகெலும்பை இந்த முறை நிமிர்த்தியதாகவோ, வளைவு கூடாமல் தடுத்ததாகவோ நம்பத்தக்க சான்று கிடையாது. உழிச்சிலுக்கும் வர்மத் தடவலுக்கும் இதே பதில்தான்.

'முன்பு 24 டிகிரி, இப்போது 20' என்று இரண்டு எக்ஸ்ரேக்களை அருகருகே காட்டுவார்கள். ஜான் காப் என்ற அமெரிக்க மருத்துவர் 1948இல் வெளியிட்ட முறைப்படிதான் இன்றும் இந்தக் கோணம் அளக்கப்படுகிறது. ஒரே படத்தை இருவர் அளந்தாலே 5 டிகிரிவரை வித்தியாசம் வரலாம். நான்கு டிகிரி முன்னேற்றம் என்பது அளவுகோலின் நடுக்கம்.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. 10 முதல் 15 வயதுக்கு உட்பட்ட, 20 முதல் 40 டிகிரி வளைவு உள்ள பிள்ளைகளை அமெரிக்கா, கனடாவின் 25 மையங்களில் கவனித்து, 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு பகுதியினருக்கு பிரேஸ் எனப்படும் இறுக்கமான பிளாஸ்டிக் கவசம். மற்றவர்களுக்குக் கண்காணிப்பு மட்டும். வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியைத் தொடாமல் தப்பியவர்கள், கவசம் அணிந்தவர்களில் 72 சதவிகிதம். வெறுமனே கண்காணிக்கப்பட்டவர்களில் 48 சதவிகிதம். பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள்.

அந்த 48ஐக் கொஞ்சம் கவனியுங்கள். ஒன்றுமே செய்யாமல் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தப்புகிறார்கள். அவர்கள் யாரிடம் போயிருந்தாலும் அவருக்குப் புகழ். ஆசானின் எண்ணெய்க்கும் கைரோபிராக்டரின் அமுக்குக்கும் சாட்சி சொல்லும் தாய்மார்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பிள்ளைகள் அந்தப் பாதியில் இருந்தார்கள். மறுபாதியில் இருந்தவர்கள் வீடியோவில் வருவதில்லை.

கைரோபிராக்டரிடம் போகத்தான் வேண்டும் என்றால், எலும்பியல் மருத்துவரிடம் காட்டி, எக்ஸ்ரேயில் கோணம் தெரிந்த பிறகு போகலாம். இந்தியாவில் இந்தத் துறைக்கென்று தனிச் சட்டமோ பதிவுக் கவுன்சிலோ இல்லை. எங்கே, எத்தனை வருடம் படித்தீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை. நாலு வருடம் படித்தவரும் நாலு வாரப் பயிற்சி பெற்றவரும் ஒரே பெயரைப் பலகையில் போட்டுக்கொள்ளலாம். 'முப்பது சிட்டிங்கில் நிமிர்த்துகிறேன்' என்று பேக்கேஜ் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். கழுத்தை வெடுக்கென்று திருப்ப விடாதீர்கள். அரிதாக, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதமே வந்திருக்கிறது.

டாக்டருக்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் 1865இல் எழுதி வைத்தது. அதன் பின்னணியில் ஒரு டைனோசர் இருக்கிறது. இகுவானோடான் என்ற அந்த விலங்கை உலகுக்கு அறிவித்த கிடியன் மான்டெல் பல வருடங்கள் முதுகுவலியால் துடித்து 1852இல் இறந்தார். அவர் முதுகில் தெரிந்த புடைப்பு கட்டி அல்ல, முறுக்கிய முதுகெலும்புதான் என்பது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. முறுக்கைக் கண்ணால் பிடிக்க ஆடம்ஸ் சொன்ன வழி சுலபமானது. பிள்ளை சட்டையில்லாமல், அல்லது முதுகு தெரியும் உள்ளாடையோடு, பாதங்களைச் சேர்த்து, முழங்கால் மடக்காமல், இரு உள்ளங்கைகளையும் கூப்பியபடி முன்னால் குனிய வேண்டும். அம்மா பின்னால் உட்கார்ந்து, கண்ணை முதுகின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். விலாப்பகுதியோ இடுப்புக்கு மேலோ ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். நிற்கும்போது கவனிக்க: ஒரு தோள்பட்டை எலும்பு துருத்துவது, இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் குழி ஆழமாக இருப்பது, கை தொங்கும்போது உடம்புக்கும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி இரு பக்கமும் வேறாக இருப்பது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் போதும்.

வலி இருக்குமே என்று காத்திருக்காதீர்கள். வளரும் பிள்ளைகளுக்கு இந்த வளைவு பெரும்பாலும் கடுமையாக வலிப்பதில்லை. இரவில் எழுப்பும் வலி, காலில் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு தவறுதல், முதுகின் நடுவில் மயிர்க்கொத்து, அல்லது பத்து வயதுக்கு முன்பே வளைவு என்றால் விஷயம் வேறு. தண்டுவடத்தில் கோளாறு இருக்கலாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. இப்படிப்பட்ட முதுகில் யாரும் கை வைத்து அமுக்கக் கூடாது.

பள்ளிப் பையால் இது வருவதில்லை. மீன் கூடை தலையில் சுமந்தாலும் வராது, கூனி உட்கார்ந்து போன் பார்த்தாலும் வராது. அவற்றால் முதுகு வலிக்கலாம், முறுக்கு ஏற்படாது. பெரும்பாலானவர்களுக்குக் காரணம் இன்னதென்று இன்னும் தெரியவில்லை; குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வர வாய்ப்பு அதிகம். எனவே மூத்தவளுக்கு இருந்தால் தங்கையையும் குனியச் சொல்லுங்கள். பெண்ணைத் திட்டுவதை நிறுத்துங்கள்.

டாக்டர் என்ன செய்வார்? 25 டிகிரிக்குக் குறைவென்றால் நாலாறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான். 25க்கும் 40க்கும் இடையே, வளர்ச்சி பாக்கியிருந்தால் கவசம். கூடவே ஜெர்மனியில் 1921இல் கதரீனா ஷ்ரோத் தொடங்கிய வகையிலான, வளைவுக்கு ஏற்ற தனிப் பயிற்சிகளைத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் கற்றுத் தரலாம். 45, 50ஐத் தாண்டினால் அறுவைச் சிகிச்சை பற்றிய பேச்சு வரும். ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன் எஃகுக் கம்பி வைத்து நிமிர்த்திய முறையை 1962இல் வெளியிட்டதிலிருந்து அந்தக் கலை வெகுதூரம் வந்துவிட்டது. ஒவ்வொரு விசிட்டிலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். பழைய காலத்தில் அடிக்கடி எக்ஸ்ரே எடுக்கப்பட்ட ஸ்கோலியோசிஸ் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் அதிகமாக இருந்ததை 2000இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இன்றைய கருவிகளில் கதிர்வீச்சு குறைவு. முதுகுப் பக்கமிருந்து எடுத்தால் மார்புக்கு இன்னும் குறைவு. பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள், ஒப்பிட அவைதான் வேண்டும்.

அரசு என்ன செய்கிறது? 2013இல் மத்திய அரசு தொடங்கிய பள்ளிக் குழந்தைகள் நலத் திட்டத்தில், 18 வயதுவரையான பிள்ளைகளிடம் தேட வேண்டிய 30 கோளாறுகள் என்று பட்டியல் இருக்கிறது. சொத்தைப்பல் உண்டு, வளைந்த பாதம் உண்டு. வளரிளம் பருவத்து முதுகு வளைவு இல்லை. எல்லாப் பிள்ளைகளையும் சோதிப்பதில் போதிய பலன் உண்டா என்பதில் நிபுணர்கள் ஒத்துப்போகவில்லை என்பதும் உண்மைதான். 2018இல் அமெரிக்க அரசின் தடுப்பு மருத்துவக் குழு 'சான்று போதாது' என்றுதான் சொன்னது. ஆனால் வீட்டிலும் யாரும் பார்க்காத, ஆஸ்பத்திரி கடைசி வாசலாக இருக்கிற கடலோர ஊர்களில், உடற்பயிற்சி ஆசிரியை வருடத்துக்கு ஒருமுறை ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவிகளைத் தனியறையில் குனியச் சொல்லிப் பார்ப்பதற்கு என்ன செலவு?

இத்தனைக்கும் நடுவே பெற்றோர் வாய்விட்டுக் கேட்காத கேள்வி, கல்யாணம். கவசம் போட்டால் ஊருக்குத் தெரியுமே என்பதற்காகவே தடவலோடு நிறுத்திக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. கூனியைச் சூழ்ச்சிக்காரியாக்கிய நம் கதைகளும் இதற்குத் துணை. சிகிச்சையே பெறாத நோயாளிகளை அயோவா மருத்துவர்கள் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், முதுகுவலியும் தோற்றக் கவலையும் கூடுதலாக இருந்தனவே தவிர, பெரும்பாலோர் வேலை, குடும்பம் என்று மற்றவர்களைப் போலவே வாழ்ந்திருந்தார்கள். உலகின் மிக வேகமான மனிதர் உசேன் போல்ட்டின் முதுகும் வளைந்ததுதான்.

கவசம் சுகமான சங்கதி அல்ல. விழிஞ்ஞத்தின் புழுக்கத்தில், உள்ளே பனியன் போட்டு அதன்மேல் பிளாஸ்டிக்கை இறுக்கிக் கட்டிக்கொள்வது 13 வயதுப் பெண்ணுக்குத் தண்டனைதான். டாக்டர்கள் ஒரு நாளைக்கு 18 மணி நேரம் என்பார்கள். ஆனால் 2013 ஆய்வில் கவசத்துக்குள் வெப்பம் அறியும் கருவி வைத்து உண்மையில் எவ்வளவு நேரம் அணிந்தார்கள் என்று பார்த்தபோது, சராசரியாகச் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வளைவு 50ஐத் தொடவில்லை. பள்ளி விட்டு வந்ததும் மாட்டிக்கொண்டு, காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கழற்றினால் ஏறக்குறைய அந்தக் கணக்கு வந்துவிடும். உங்கள் டாக்டரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.