எண்ணூர்த் தடம்: கால்வாயும் இருப்புப்பாதையும்

ஒரு டன் உப்பை எண்ணூர் உப்பளத்திலிருந்து சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மண்சாலையில் மாட்டுவண்டியில் ஏற்றினால், சுமையை நகர்த்த ஏறத்தாழ ஐம்பது கிலோ எடைக்குச் சமமான இழுவிசை வேண்டும். மழை பெய்து பாதை சேறாகிவிட்டால் இது இரு மடங்காகிவிடும். தார்ச்சாலையில் காற்றடைத்த டயர் பூட்டிய வாகனமானால் எட்டு, பத்து கிலோ போதும். எஃகுத் தண்டவாளத்தின்மீது எஃகுச் சக்கரம் மெதுவாக உருளும்போதோ, இரண்டு கிலோ இருந்தாலே சுமை நகர்ந்துவிடும்! அசையாத நீரில் ஆள் நடக்கும் வேகத்தில் மிதந்து செல்லும் படகுக்கு இதைவிடவும் குறைவாகவே தேவைப்படும்.

அப்படியானால், படகு செல்லும் கால்வாய் ஒன்று ஏற்கெனவே இருந்த எண்ணூர்க் கரையில் இருப்புப்பாதை எதற்காக வந்தது? இக்கேள்விக்கு விடை தேடினால் வடசென்னையின் இருநூறு ஆண்டு வரலாறே கிடைத்துவிடும்.

முதலில் கால்வாயைப் பார்ப்போம். பாசில் காக்ரேன் என்பவரின் முதலீட்டில் சென்னையின் வடபகுதியிலிருந்து எண்ணூர் வரை, சுமார் 18 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் உப்புநீர்க் கால்வாய் வெட்டப்பட்டது. 1806இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1837இல் அரசு அதனை எடுத்துக்கொண்டது. 1876-78 பெரும்பஞ்சத்தின்போது, பட்டினியால் வாடிய மக்களுக்கு நிவாரணப் பணியாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. மண் சுமந்தவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.

இக்கால்வாய் வழியே உப்பும் விறகும் நெல்லும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் சென்னைக்கு வந்துகொண்டிருந்தன. பாய் விரித்தும், கழி ஊன்றியும், கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்தும் படகுகளைச் செலுத்தினார்கள். செலவு மிகக் குறைவு. ஆனால் இங்குதான் இயற்பியல் குறுக்கிடுகிறது. படகின் வேகத்தை இரு மடங்காக்கினால் நீரின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. மூன்று மடங்காக்கினால் ஒன்பது மடங்கு! குறுகலான கால்வாயில் நிலைமை இன்னும் மோசம். படகு தள்ளிவிடும் நீர் பக்கவாட்டில் ஒதுங்க இடமின்றிக் கரையை அரித்துவிடும். ஆகவே கால்வாய்ப் படகு நடந்துதான் போக முடியும், ஓட முடியாது.

தண்டவாளத்தில் நிலைமை வேறு. சக்கரமும் தண்டவாளமும் ஒன்றையொன்று தொடும் பரப்பு ஒரு சிறு காசின் அளவே. இரண்டும் கடினமான எஃகு என்பதால் அந்த இடத்தில் ஏற்படும் நசுங்கல் மிகச் சிறிது. எனவே உருளும்போது வீணாகும் ஆற்றலும் சிறிது. வேகம் கூடும்போது காற்றின் எதிர்ப்பு கூடும் என்பது உண்மையே. ஆயினும் நீரின் அடர்த்தி காற்றைப்போல் ஏறத்தாழ எண்ணூறு மடங்கு என்பதை நினைவில் கொண்டால், புகைவண்டிக்கு உள்ள சலுகை விளங்கும். இழுப்பதன் எளிமையில் கால்வாய் தோற்கவில்லை, வேகத்தில்தான் தோற்றது.

இராயபுரத்தில் தொடங்கிய பாதை

சென்னைக்குத் தண்டவாளம் புதிதன்று. சாலை போடுவதற்கான செம்பாறைக் கற்களைக் கொண்டுவர 1837இலேயே செங்குன்றம் பக்கம் ஒரு சிறு இருப்புப்பாதை இயங்கியது. அதில் பயணிகள் செல்லவில்லை. வேலை முடிந்ததும் பாதையும் மறைந்துவிட்டது.

பயணிகளுக்கான பாதையைச் சென்னை இரயில்வே கம்பெனி 1853இல் கட்டத் தொடங்கியது. 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து ஆர்க்காடு எனப்பட்ட வாலாஜா ரோடு வரை, சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு வண்டி ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை இதுவே. இராயபுரம் நிலையக் கட்டடம் தன் உயர்ந்த தூண்களுடன் இன்றும் நிற்கிறது.

இராயபுரத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அன்று சென்னைக்குத் துறைமுகமே கிடையாது என்பதை எண்ணிப் பாருங்கள். கப்பல்கள் கடலில் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். அலைகளைக் கடந்து சரக்கைக் கரை சேர்த்தவை, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். தண்டவாளங்களும் இயந்திரங்களும்கூட இங்கிலாந்திலிருந்து வந்து இப்படித்தான் இறங்கின. இறக்கிய இடத்துக்கும் வணிகர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்துக்கும் அருகில் நிலையம் இருப்பதுதானே வசதி?

ஆனால் அந்தப் பாதை மேற்கே சென்றது. வடக்கே எண்ணூர்ப் பக்கம் பல ஆண்டுகள் யாரும் திரும்பவில்லை. 1871இல் சென்னைக்கும் பம்பாய்க்கும் இரயில் தொடர்பு ஏற்பட்ட பிறகும், கிழக்குக் கரை வழியே கல்கத்தாவுக்குப் பாதை இல்லை. காரணம் ஆறுகள். கோதாவரி, கிருஷ்ணா, பெண்ணாறு, சுவர்ணமுகி, ஆரணியாறு, கொசஸ்தலையாறு என்று கரை நெடுக ஆறுகள் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில், அவை மிக அகன்றும் மணல் ஆழ்ந்தும் இருக்குமிடத்தில், பாதை அவற்றைக் கடக்க வேண்டும். உறுதியான பாறை எட்டாத ஆற்றில் பாலத்தை எதன்மேல் நிறுத்துவது?

இதற்கு நம் நாட்டுக் கிணறு வெட்டும் முறையே கைகொடுத்தது. வட்டமான செங்கல் சுவரை மணல்மீது கட்டி, உள்ளிருக்கும் மணலைத் தோண்டி எடுத்தால், சுவர் தன் எடையாலேயே கீழே இறங்கும். மேலே மேலே கட்டிக்கொண்டே போகலாம். வெள்ளம் அரிக்க முடியாத ஆழத்தை எட்டியதும் உள்ளே நிரப்பி மூடி, அதன்மேல் தூணை எழுப்பினார்கள். இந்தியாவின் பெரிய ஆற்றுப் பாலங்கள் பலவும் இவ்வாறு கிணறுகளின்மேல் நிற்பவையே.

1899இல் பெஜவாடா, அதாவது இன்றைய விஜயவாடா, எண்ணூர் வழியே சென்னையுடன் இணைந்தது. 1900இல் கோதாவரிப் பாலமும் திறக்கப்பட்டது. இந்தக் கிழக்குக் கரைப் பாதையின் பணியில் ஈடுபட்ட பொறியியலாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங், பின்னர் சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைவரானார். அவருடைய அலுவலகத்தில் 1912இல் எழுத்தராகச் சேர்ந்த இளைஞர்தான் கணித மேதை இராமானுஜன்.

விறகிலிருந்து நிலக்கரிக்கு

சென்னை இரயில்வேயின் தொடக்ககால இயந்திரங்கள் பெரும்பாலும் விறகை எரித்தன. கடற்கரை மணலில் சவுக்கு வளர்க்கும் பழக்கம் பெருகியதற்கு இவ்விறகுத் தேவையும் ஒரு காரணம். ஒரு கிலோ விறகு தரும் வெப்பத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஒரு கிலோ நிலக்கரி தரும். அதோடு இடத்தையும் குறைவாக அடைக்கும். சிங்கரேணிச் சுரங்கங்கள் ஏற்கெனவே பெஜவாடாவுடன் இருப்புப்பாதையால் இணைந்திருந்தன. ஆதலால் 1899ஆம் ஆண்டுப் பாதை, நிலக்கரி சென்னைக்கு வர நேர்வழி திறந்தது.

அதன்பின் கால்வாய் மெல்ல நலிந்தது. 1950களிலும் படகுகள் ஓடின. 1960களிலும் 1976இலும் வீசிய புயல்கள் மிச்சத்தைக் கெடுத்தன. தூர்ந்துபோன பகுதிகளில் நகரின் கழிவுநீர் புகுந்தது.

பாதையோரத்தில் ஆலைகள் முளைத்தன. தீப்பெட்டி செய்த விம்கோ ஆலையின் பெயரை ஒரு நிலையமே தாங்கி நிற்கிறது. எண்ணூரில் லாரி, பேருந்து செய்யும் ஆலை, திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் ஆலை, மணலியில் 1969இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை என்று வரிசை நீண்டது. வேலைக்குச் செல்வோர் கூட்டமும் பெருகியது. 1979 ஏப்ரலில் சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை, ஏறத்தாழ 48 கிலோமீட்டர், மின்மயமாயிற்று.

கடற்கரை, தாம்பரம் தடத்தில் 1931லிருந்தே மின்வண்டி ஓடியது. அது 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். எண்ணூர்த் தடத்துக்கோ 25,000 வோல்ட் மாறுமின்னோட்டம் தரப்பட்டது. ஏன் இவ்வளவு உயர்ந்த அழுத்தம்? பத்து லட்சம் வாட் திறன் வேண்டும் ஒரு வண்டிக்கு 1,500 வோல்ட்டில் கிட்டத்தட்ட 670 ஆம்பியர் மின்னோட்டம் பாய வேண்டும். 25,000 வோல்ட்டில் 40 ஆம்பியர் போதும். கம்பியில் வெப்பமாக வீணாகும் மின்சாரம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், ஒரே அளவுக் கம்பியில் இழப்பு ஏறத்தாழ இருநூற்றெண்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. துணைமின்நிலையங்களையும் வெகு தொலைவுக்கு ஒன்றாக அமைக்கலாம். ஆனால் எண்ணூரின் உப்புக் காற்று இங்கே ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. பீங்கான் மின்காப்பிகளின்மேல் உப்புப் படியும். விடியற்காலைப் பனியில் அது நனைந்தால் மின்சாரம் கசியும், சில வேளை பொறி பறந்து மின்தொடர் அறுபடும். ஆகவே கடலோரத் தடங்களில் மின்காப்பிகளைத் துடைத்துச் சுத்தம் செய்வதும் ஓர் அன்றாடப் பணியாகிறது.

வாகனில் வரும் சாம்பல்

எண்ணூர் அனல் மின்நிலையம் 1970இல் மின்சாரம் தரத் தொடங்கியது. 1975க்குள் அதன் திறன் 450 மெகாவாட் ஆயிற்று. சென்னைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கிய நிலக்கரி இரயிலில் இங்கு வந்தது. 1990களில் கொசஸ்தலையாற்றுக்கு அப்பால் வடசென்னை அனல் மின்நிலையம் எழுந்தது. அதன் முதல் மூன்று இயந்திரங்களும் தலா 210 மெகாவாட்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நம் நாட்டு நிலக்கரி சுமார் 700 கிராம் தேவை. 210 மெகாவாட் இயந்திரம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஐம்பது லட்சம் யூனிட் தரும். அதற்கு 3,500 டன் நிலக்கரி வேண்டும். ஒரு வாகனில் 58 டன், ஒரு வண்டியில் 59 வாகன் என்று கொண்டால், ஓர் இயந்திரத்துக்கு நாளொன்றுக்கு ஒரு முழுச் சரக்கு வண்டி!

அந்நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு எரியாத சாம்பல். அதாவது, பத்து வாகன்களில் மூன்றோ நான்கோ சாம்பலையே சுமந்துவருகின்றன. வெப்பம் மின்சாரமாகித் தமிழகமெங்கும் போய்விடுகிறது. சாம்பல் எண்ணூரிலேயே தங்கிவிடுகிறது. நீருடன் கலந்து குழாய்களில் அனுப்பப்பட்ட சாம்பல், குழாய் உடைந்த இடங்களில் கழிமுகத்தில் கொட்டிப் படிந்தது. கையால் தடவி இறால் பிடிக்கும் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மக்களுக்கு, ஆற்றின் ஆழம் குறைந்துவருவது காலில் தெரிந்த செய்தி.

இதற்கிடையே நீர்வழி மீண்டும் உயிர்பெற்றது, கால்வாயில் அல்ல, கடலில். 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் காமராஜர் துறைமுகம். ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கத்திலிருந்து பாராதீப் துறைமுகத்துக்கு இரயில், அங்கிருந்து எண்ணூருக்குக் கப்பல், கப்பலிலிருந்து வடசென்னை மின்நிலையத்துக்குத் தொடர்பட்டை என்று நிலக்கரி வந்து சேர்கிறது. எழுபதாயிரம் டன் ஏற்றும் ஒரு கப்பல் இருபது சரக்கு வண்டிகளுக்குச் சமம். வேகம் அவசியமில்லாத சுமைக்கு நீரே மலிவு என்ற பழைய கணக்குதான் இது. காக்ரேனுக்கு இது வியப்பாக இருந்திருக்காது. 2011இல் சென்னைத் துறைமுகம் நிலக்கரி இறக்குவதை நிறுத்தியது. தூசியால் துன்புற்ற இராயபுரம் பக்கத்து மக்களுக்கு அது ஆறுதல். ஆனால் அந்தச் சுமை எண்ணூருக்கு இடம்பெயர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய எண்ணூர் அனல் மின்நிலையம் 2017 மார்ச் மாதத்தோடு மூடப்பட்டது.

பாலத்தின் கீழே

சதுப்பு நிலத்தின் குறுக்கே மண்மேடு எழுப்பித் தண்டவாளம் போடும் பொறியியலாளர், வெள்ளம் கடந்து செல்ல எத்தனை கண்கள் விடவேண்டும் என்று கணக்கிடுகிறார். கண்கள் குறைந்தால் மேற்குப் பக்கம் நீர் தேங்கும். தேங்கிய நீர் கண்ணுக்குள் விரைந்து பாய்ந்து தூணின் அடிமணலைத் தோண்டும். பாலங்களில் அபாய அளவு குறித்திருப்பது இதற்காகவே. நீர் அக்குறியைத் தொட்டால் பாலம் உடையும் என்று பொருளன்று. அடியில் எவ்வளவு மணல் போயிற்று என்று மேலிருந்து அறிய முடியாது என்பதே பொருள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, பேசின்பிரிட்ஜ், வியாசர்பாடி இடையே உள்ள 14ஆம் எண் பாலத்தில் நீர் அளவு மீறியதால் சென்ட்ரலிலிருந்து வண்டிகள் நிறுத்தப்பட்டன.

அதே வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தது. படகுகளிலும் வலைகளிலும் அலையாத்திச் செடிகளிலும் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. மீனவர்கள் வாளியால் அதை அள்ளினார்கள்.

ஓர் ஆறு கடலில் கலக்கும் குறுகிய இடத்தை இன்று இருப்புப்பாதை, சாலைகள், மின்கோபுரங்கள், சாம்பல் குழாய்கள் எல்லாம் கடக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே தன் கண்களையும் தூண்களையும் கணக்கிட்டுக் கட்டப்பட்டது. எல்லாத் தூண்களையும், அவற்றுக்கிடையே படிந்த சாம்பலையும் சேர்த்து, கொசஸ்தலையாற்றின் பெருவெள்ளத்துக்கு மிஞ்சியுள்ள வழி எவ்வளவு என்று ஒரே கணக்காகப் போடவேண்டும். எண்ணூருக்கும் அத்திப்பட்டுக்கும் இடையே வண்டி பாலத்தைக் கடக்கும்போது சன்னல் வழியே கீழே பார்த்தால், வற்றிய வேளையில் நீருக்கு மேலே தலைகாட்டும் சாம்பல்நிறத் திட்டுகளையும், முழங்கால் அளவு நீரில் இறால் தடவுகிறவர்களையும் காணலாம்.