காமன் பொட்டலில் விடிந்த இரவு

சுற்றுலா என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் மாதர் சங்கத்தில் முதலில் எழுந்தது சிரிப்புத்தான். "கிணத்துக்கு எடுத்த கடனே இன்னும் கட்டி முடியேல்லை, இதுக்குள்ள சுற்றுலாவோ?" என்று ஓர் அக்கா கேட்டார். ஆனாலும் ஒரு தீர்மானம் எடுத்தோம். ஆளுக்கு மாதம் 500 ரூபா வீதம் பத்து மாதம் சேர்த்தோம். குறைந்த பணத்துக்கு ஒரு தொண்டு நிறுவனம் கைகொடுத்தது.

எங்கே போவது என்பதில்தான் நீண்ட பேச்சு. சிலர் திருக்கோணேஸ்வரம் என்றார்கள். இளம் பிள்ளைகள் நுவரெலியா என்றார்கள். தொண்டு நிறுவனத்திலிருந்து வந்த தங்கச்சி, "மலையகத்துக்குப் போவதென்றால் பூந்தோட்டம் பார்க்க மட்டும் போகவேண்டுமா? மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். கஹவத்தைப் பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டம் இருக்கிறது. அங்குள்ள மாதர் குழுவினர் எங்களை வரவேற்கத் தயார்" என்றார்.

கஹவத்தை என்றதும் நான் வாய் திறக்கவில்லை. நான் பிறந்த ஊர் அது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தமிழர் மீது வன்செயல் நடந்தபோது, ஏழு வயதுப் பிள்ளையாக, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து கிளிநொச்சிக்கு வந்தவள் நான். எங்களுக்கு முன்னே 1977 இலும் எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் அவ்வாறே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்திருந்தன. வன்னியில் எங்களுக்குக் காணியும் வாழ்வும் கிடைத்தன. "தோட்டக்காட்டார்" என்ற பேச்சும் சேர்ந்தே கிடைத்தது. ஆகவே என் பிறந்த ஊரை நான் யாரிடமும் சொல்வதில்லை. சங்கத்தில் பக்கத்துக் கதிரையில் இருந்த அக்காவுக்கும் அது தெரியாது.

இமயத்தில் தொடங்கும் கதை

2025 மார்ச் 12 ஆம் திகதி மாலை, இருபத்தெட்டுப் பெண்கள் பஸ்ஸில் புறப்பட்டோம். வவுனியா, தம்புள்ளை, குருநாகல், கேகாலை, அவிசாவளை என்று இரவெல்லாம் ஓட்டம். விடியற்காலையில் இரத்தினபுரியை அடைந்தோம். வீதியெங்கும் சிவனொளிபாதமலை யாத்திரிகர்களின் பஸ்கள் நின்றன. மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை அந்த மலையின் யாத்திரைக் காலம். 2243 மீற்றர் உயரமான அந்த மலை அன்று பனிமூட்டத்தில் மறைந்திருந்தது.

இரத்தினபுரியில் ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் எங்களுடன் ஏறிக்கொண்டார். அவரே எங்கள் வழிகாட்டி. "மாஸ்டர்" என்று எல்லோரும் அழைத்தோம். பஸ் பெல்மதுளையை நோக்கி ஓட, அவர் கதையைச் சொன்னார்.

தாட்சாயணியைப் பிரிந்த சிவபெருமான் இமயத்தில் மோனத்தில் அமர்ந்துவிட்டார். மலையரசன் மகளாகப் பிறந்த பார்வதி அவரை எண்ணித் தவமிருக்கிறாள். சூரனின் கொடுமையால் வாடும் தேவர்களுக்கோ ஒரு சிவகுமாரன் பிறந்தாக வேண்டும். மோனத்தைக் கலைக்க மன்மதனை அனுப்புகிறார்கள். போகாதே என்று தடுக்கிறாள் ரதி. அவன் போகிறான். மலர்க்கணை பாய்கிறது, நெற்றிக்கண் திறக்கிறது, மன்மதன் சாம்பலாகிறான்.

"இது எங்களுக்குத் தெரிஞ்ச கதைதானே! கோயிலில கந்தபுராணப் படிப்பில கேட்டிருக்கிறம்" என்றார் சாவகச்சேரியில் பிறந்த ஓர் அம்மா.

"அதேதாம்மா. நீங்க கோயில்ல படிச்சுப் பயன் சொல்றீங்க. நாங்க பொட்டல்ல ஆடிக் காட்டுறோம்" என்றார் மாஸ்டர்.

பனி உருகி மரங்கள் துளிர்க்கும் வேளையில் இமயமலை அடிவாரத்துக் குமாவுன் பகுதி மக்கள் பல நாட்கள் கூடிப் பாடி ஹோலி கொண்டாடுகிறார்களாம். அதே மலைநாட்டில் மார்ச் நடுவில், பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று வாசற்படியில் பூ வைத்து வாழ்த்தும் "பூல் தேயி" என்ற வழக்கமும் உண்டாம். தமிழ்நாட்டில் மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருக்குறுக்கை, காமனை எரித்த தலம் எனப்படுகிறது. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் முதலிய இடங்களிலிருந்து கோப்பிக்கும் தேயிலைக்கும் இறப்பருக்கும் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட எங்கள் முன்னோர் இந்தக் கூத்தையும் தம்முடன் கொண்டுவந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்த நாள் மெதின் பௌர்ணமி. அடுத்த நாள் வட இந்தியாவில் ஹோலி.

"இங்க ஏது பனி, ஏது வசந்தம்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். மாஸ்டர் யன்னலுக்கு வெளியே காட்டினார். தை, மாசியில் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நின்ற இறப்பர் மரங்கள் புதிதாகத் தளிர்த்திருந்தன. இளஞ்சிவப்பும் பச்சையுமாக மலைச்சரிவு முழுவதும் அதே நிறம். சின்ன வயதில் அந்தத் தளிருக்குள் ஓடி விளையாடியது எனக்கு ஞாபகம் வந்தது.

லயத்து வாசலில்

தோட்டத்துப் பெண்கள் ஆரத்தி எடுத்து வரவேற்றார்கள். "வாங்க தாயி, வாங்க. ராவெல்லாம் பஸ்ஸுல குந்தி வந்திருப்பீங்க. பீலியில கை கால் கழுவிட்டு வாங்க" என்று ஒரு பாட்டி ஒவ்வொருவரையும் தொட்டுத் தொட்டு அழைத்தார். சுடச்சுட ரொட்டியும் சம்பலும் சாயத் தண்ணியும் தந்தார்கள்.

பத்துக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் ஐந்தாறு பேர் வாழ்வதைப் பார்த்து எங்கள் பெண்கள் மௌனமானார்கள். "நாங்கள் முகாமில இருந்த கூடாரம் போல" என்றார் ஒருவர். "நாங்க நாலு தலைமுறையா இதிலதான் தாயி" என்றார் பாட்டி. 1948 இல் குடியுரிமை பறிபோனது, 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் உறவுகள் இந்தியாவுக்குக் கப்பலேறியது, வன்செயல்களில் லயங்கள் எரிந்தது எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தன. யுத்தம் நடந்தது வடக்கில் மட்டும் என்று நினைத்திருந்த எங்களில் பலருக்கு அது புதிய செய்தி.

அப்போதுதான் பாட்டி என்னை உற்றுப் பார்த்து, "நீ எந்தப் பக்கம் தாயி? பேச்சுல நம்ம சாயல் அடிக்குதே" என்றார். வீட்டில் அம்மாவுடன் பேசிய பேச்சு, என்னை அறியாமலே என் நாவில் வந்திருக்கிறது. "இந்தப் பக்கந்தான் பாட்டி. எங்கப்பா காமன் பொட்டல்ல தப்படிப்பாரு" என்றேன். என் சங்கத்துச் சகோதரிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த அக்கா, "இத்தனை வருஷமா ஏன் சொல்லேல்லை?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சொல்ல விட்டிருக்க மாட்டம், என்ன?" என்றார்.

பொட்டலில்

கூத்து நடக்கும் திடலைக் காமன் பொட்டல் என்பார்கள். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையன்று அங்கே காமன் கம்பம் ஊன்றுவார்கள். ஆமணக்கும் கரும்பும் வைக்கோலும் சேர்த்துக் கட்டிய கம்பம் அது. அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் அதைச் சுற்றிப் பாட்டும் ஆட்டமும். ரதி, மன்மதனாக வேடம் ஏற்பவர்கள் காப்புக் கட்டி விரதமிருப்பார்கள். ரதி வேடமும் ஆண்களே கட்டுவது வழக்கம். கடைசி நாள் விடிய விடியக் கூத்து.

அன்று இரவு ஒன்பது மணிக்குத் தப்பு முழங்கத் தொடங்கியது. பகலில் இறப்பர் பால் வெட்டியவர்களும் கொழுந்து நிறுத்தவர்களும் இரவில் தேவர்களாக வந்தார்கள். ரதி மன்மதன் திருமணம் நடந்தது. மொய் எழுதுவதுபோல் ஊரே காசு கொடுத்தது. குறவனும் குறத்தியும் வந்து சிரிப்பு மூட்டினார்கள். ஓலை கொண்டுவரும் தூதன் சபையைச் சுற்றிச் சுற்றி ஓடினான். வீரபத்திரர் வந்தபோது பிள்ளைகள் அலறித் தாய்மாரைக் கட்டிக்கொண்டார்கள்.

எங்களில் முல்லைத்தீவைச் சேர்ந்த ஓர் அக்கா மட்டும் பொட்டலுக்கு வரவில்லை. அவரது கணவரும் மகனும் 2009 இல் போனவர்கள். "ஒருத்தி புருஷனைப் பறிகுடுத்து அழுறதை நான் கூத்தாப் பாக்கோணுமோ? நான் அழுததைப் பாத்தாக்கள் காணும்" என்று சொல்லிவிட்டு லயத்திலேயே இருந்துவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. யாரும் வற்புறுத்தவில்லை.

நெற்றிக்கண் திறந்தபோது

விடியப்போகும் நேரம். சிவன் உயரத்தில் அசையாமல் அமர்ந்திருந்தார். ரதி மன்மதனின் கையைப் பிடித்துத் தடுத்தாள். போகவேண்டாம் என்று அவள் பாடப் பாட, அவன் கடமை என்று பாடினான். எங்கள் வரிசையில் விம்மல் கேட்டது. வாசலில் நின்று "போகாதேங்கோ" என்று சொன்னவர்கள் எங்களில் எத்தனை பேர்!

அம்பு பாய்ந்தது. தீ மூட்டினார்கள். கம்பம் எரிந்தது. பூவைக் களைந்து, கூந்தலை விரித்து, வெள்ளைச் சேலையுடன் ரதி அந்தச் சாம்பலைச் சுற்றி வந்தாள். தப்பின் ஓசையும் மாறிவிட்டது. தோட்டத்துப் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். சாவு வீட்டில்போல ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். எங்களையும் இழுத்து அணைத்துக்கொண்டார்கள். திரும்பிப் பார்த்தால், முல்லைத்தீவு அக்கா என் பின்னால் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியாது.

இறுதியில் சிவன் இரங்கி வரம் தருகிறார். மன்மதன் மீண்டு வருவான். ஆனால் அவன் உருவம் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு அவன் உருவமில்லாதவன்.

இந்த இடம் என்னை உலுக்கிவிட்டது. என் கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். 2009 மே மாதத்துக்குப் பின் அவரை நான் காணவில்லை. படிவங்களில் "விதவையா, திருமணமானவரா" என்ற கேள்வி வரும்போதெல்லாம் பேனை நின்றுவிடும். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்களுக்காக, ஆள் காணாமற்போயிருப்பதை உறுதிசெய்யும் சான்றிதழ் ஒன்று 2016 இல் சட்டத்தில் வந்தது. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில் நானும் படத்தை ஏந்தி இருந்திருக்கிறேன். என் கண்ணுக்கு மட்டும் தெரிகிறவரை நான் மற்றவர்களுக்கு எப்படிக் காட்டுவது?

எரிந்தானா, எரியவில்லையா?

காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது மாஸ்டர் ஒரு செய்தி சொன்னார். தமிழ்நாட்டில் காமன் பண்டிகையின்போது லாவணிப் பாட்டுக்காரர்கள் இரு பிரிவாகப் பிரிந்து வாதாடுவார்களாம். மன்மதன் எரிந்தான் என்போர் எரிந்த கட்சி. எரியவில்லை என்போர் எரியாத கட்சி. கேள்வியும் பதிலுமாகப் பாட்டிலேயே இரவு கழியுமாம்.

"எங்களுக்குள்ளயும் ரெண்டு கட்சியும் இருக்கு" என்றார் முல்லைத்தீவு அக்கா. "நான் எரிஞ்ச கட்சி. என்ர கையாலயே ரெண்டு பேரையும் புதைச்சனான். இவள் எரியாத கட்சி. இவளுக்குப் பதில் வரும்வரைக்கும் இவள் கேக்கத்தான் வேணும். அதுக்காக நாங்கள் ரெண்டு பேரும் சண்டை பிடிக்கத் தேவையில்லை." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே இதைச் சொன்னார்.

கணவனை இழந்தவள் மங்கல காரியங்களில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் வடக்கிலும் உண்டு, தோட்டத்திலும் உண்டு. ஆனால் அந்தப் பாட்டி எங்களுக்கு விடைகொடுக்கும்போது, எல்லோருக்கும் குங்குமச் சிமிழை நீட்டினார். வைத்துக்கொள்வதும் விடுவதும் அவரவர் விருப்பம் என்றார். சிலர் வைத்துக்கொண்டோம். சிலர் வைக்கவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

போக விரும்பும் சகோதரிகளுக்கு

உங்கள் சங்கங்களும் இவ்வாறான பயணத்தை ஒழுங்குசெய்யலாம். எங்கள் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்:

காமன் கூத்து மாசி அமாவாசையை ஒட்டித் தொடங்கும். கடைசி நாள் தோட்டத்துக்குத் தோட்டம் மாறலாம். முன்கூட்டியே அங்குள்ள மாதர் குழுவிடமோ கோயில் நிர்வாகத்திடமோ கேட்டு நாளை உறுதிசெய்யுங்கள். தோட்ட நிர்வாகத்துக்கும் அறிவியுங்கள்.

சபரகமுவையில் மழை சொல்லாமல் வரும். குடை, போர்வை, அட்டைக்கடிக்கு உப்பும் சவர்க்காரமும் கொண்டுபோங்கள்.

அது காட்சிப்பொருள் அல்ல, வழிபாடு. படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். வெறுங்கையுடன் போகாமல் அரிசி, பனங்கட்டி, ஒடியல் மா என்று உங்களால் இயன்றதைக் கொண்டுபோங்கள். எங்கள் பனங்கட்டிக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் அடிபட்டார்கள்!

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் காட்சி சிலருக்கு மனத்தைக் கிளறும். வரமறுப்பவரை இழுக்காதீர்கள். அழுபவரைத் தடுக்காதீர்கள். பக்கத்தில் ஒருவர் இருங்கள். திரும்பி வந்தபின் ஒரு நாள் கூடிப் பேசுங்கள். நாங்கள் அப்படிப் பேசியபோதுதான், என்னைப்போலவே மலையகத்தில் பிறந்து அதை மறைத்து வந்த இன்னும் இரண்டு பேர் எங்கள் சங்கத்தில் இருப்பது தெரிந்தது.

தோட்டத்துப் பெண்களை நாங்களும் அழைத்திருக்கிறோம். கணவனைப் பறிகொடுத்து நியாயம் கேட்ட கண்ணகிக்கு வைகாசியில் வற்றாப்பளையில் பொங்கல். உப்பு நீரில் விளக்கெரியும் அந்தக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று பாட்டி ஆசைப்படுகிறார். அதற்காக மீண்டும் மாதம் 500 ரூபா சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். இம்முறை கணக்குப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் பெயருக்குக் கீழே, பிறந்த ஊர் கஹவத்தை என்று எழுதியிருக்கிறேன்.