கேட்டுவிட்டுத் திருத்துங்கள்

மேலிருந்து பார்த்தால் செட்டிநாட்டு வீடு ஒரு வீடாகத் தெரியாது. ஓட்டுக் கூரை, நடுவில் சதுரமாக முற்றம், மறுபடி கூரை, அடுத்த கட்டு, அதற்கும் ஒரு முற்றம் என்று முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவரை நீண்டுகொண்டே போகும். இணைய வரைபடத்துக்காகச் சாட்டிலைட் படத்தைப் பார்த்துக் கோடு போடுகிறவருக்கு அது நாலைந்து வீடாகத்தான் தோன்றும். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கமே வந்திராத ஒருவர் அப்படி வரைந்து வைத்தால் அவர்மேல் கோபப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் கோபப்படுகிறவர்கள் உண்டு. "தெரியாவிட்டால் தொடாதீர்கள்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, அவர் வரைந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் போவார்கள்.

நான் சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறவள். இரவில் வேலையெல்லாம் ஓய்ந்தபின் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தைத் திறந்து, எங்கள் வட்டாரத்தில் யார் என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். சரியாக இருந்தால் நன்றி சொல்வேன். ஏதாவது இடறினால் கமென்ட் எழுதுவேன். முகம் தெரியாத, சம்பளம் வாங்காத ஒருவரிடம் "இது சரியில்லை போலிருக்கிறதே" என்று எப்படிச் சொல்வது? சின்ன விஷயமாகத் தோன்றும் இது, ஊர்கூடி வரையும் ஒரு வரைபடத்தின் தரத்தையே தீர்மானிக்கிறது.

யார் வேண்டுமானாலும் வரையலாம்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை 2004இல் தொடங்கியவர் ஸ்டீவ் கோஸ்ட் என்ற ஆங்கிலேயர். பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் வரைபடத் தரவைப் பயன்படுத்தக் காசும் உரிமமும் வேண்டியிருந்த காலம் அது. மக்களே தெருத் தெருவாக அளந்து வரைந்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டால் என்ன என்று அவர் யோசித்தார். 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் சாட்டிலைட் படங்களைப் பார்த்தே தலைநகர் போர்ட்டோ பிரின்ஸின் தெருக்களைச் சில நாட்களில் வரைந்து கொடுத்தார்கள். மீட்புப் படையினர் பலர் அந்த வரைபடத்தை வைத்து வழி பார்த்தார்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, எந்தத் தெருவில் வெள்ளம் நிற்கிறது என்று மக்களே குறித்துச் சொல்ல ஒரு வரைபடம் வந்தது நினைவிருக்கும். அதற்கும் அடித்தளம் இதுதான்.

இதில் கணக்குத் தொடங்கிய யாரும் தெருவை வரையலாம், பெயர் எழுதலாம், கடையைச் சேர்க்கலாம், இல்லாததை நீக்கலாம். முன்கூட்டி அனுமதி தர மேலதிகாரி கிடையாது. சேமித்த கையோடு மாற்றம் பொதுவுக்குப் போய்விடும். ஒருவர் ஒரே அமர்வில் செய்த மாற்றங்களை மொத்தமாகச் சேமிக்கும் கட்டுக்கு சேஞ்ச்செட் என்று பெயர். 2021 தொடக்கத்தில் இந்தக் கட்டுகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தொட்டது. ஒவ்வொன்றின் அடியிலும் கமென்ட் எழுதும் வசதி 2014இல் வந்தது. நாம் எழுதுவது அதைச் சேமித்தவருக்கு மின்னஞ்சலாகப் போகும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கவும் முடியும். அதாவது, நாம் ஒருவரைக் கடிந்துகொண்டால் அது நாலு பேர் நடுவில் கடிந்துகொண்டதாகவே ஆகும்.

விடைக்குறிப்பு இல்லாத திருத்தம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடம் குறிக்கும் கேள்வி வரும். விடைத்தாளைத் திருத்துகிற என் கையில் விடைக்குறிப்பு இருக்கும். வைகையைக் காவிரியின் இடத்தில் ஓடவிட்ட பிள்ளைக்குச் சிவப்பு மையால் ஒரு சுழி போட எனக்கு யோசனையே வேண்டாம். இந்த வரைபடத்தில் அந்த வசதி எனக்கில்லை. இங்கே விடைக்குறிப்பு என்பது அந்தத் தெருவேதான். அந்தத் தெருவில் நிற்பவர் பெரும்பாலும் நான் இல்லை, எதிரில் இருக்கும் புதியவர்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். செட்டிநாட்டில் பங்காளிகள் ஊருக்கொருவராகச் சிதறிப்போன பழைய வீடுகள் பல இடிபடுகின்றன. தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்துவிடும். வீடு இருந்த இடம் காலி மனையாகிவிடும். ஆனால் வரைவதற்குக் கிடைக்கும் சாட்டிலைட் படம் சில ஆண்டுகள் பழையதாக இருக்கலாம். அதில் வீடு இன்னும் கம்பீரமாக நிற்கும். உள்ளூர்க்காரர் ஒருவர் அந்தக் கட்டடத்தை வரைபடத்திலிருந்து நீக்குகிறார். எங்கோ உட்கார்ந்து பார்ப்பவருக்கு, நன்றாக இருந்த கட்டடத்தைப் புதியவர் அழித்துவிட்டதாகவே தெரியும். உடனே பழையபடி மீட்டு வைத்தால், இடிந்துபோன வீடு வரைபடத்தில் மட்டும் மறுபடி எழும்பிவிடும். "படத்தில் இங்கே ஒரு கட்டடம் தெரிகிறது. இப்போது அது இல்லையா?" என்று கேட்டிருந்தால் போதும்.

கண்மாய்க் கதை இன்னும் சுவாரசியம். எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் வடகிழக்குப் பருவமழை பெய்தால் தண்ணீர். சித்திரை, வைகாசியில் எடுத்த படத்தில் பார்த்தால் சீமைக்கருவேலம் அடர்ந்த வெறும் பொட்டல். வெளியூர்க்காரர் அதைப் புதர்க்காடு என்று குறித்துவிடுவார். அவர் கண்ணில் பட்டது அதுதான். நீர்நிலையாக வரைந்து, ஆண்டில் சில மாதம்தான் தண்ணீர் நிற்கும் என்று சொல்ல இந்த வரைபடத்தில் தனிக் குறிச்சொல் (டேக்) இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுத்தால் அவர் அந்த ஒரு கண்மாயோடு நிற்கமாட்டார். தான் வரைந்த மற்றதையும் திரும்பிப் பார்ப்பார். குடிதண்ணீருக்கான ஊரணி வேறு, பாசனத்துக்கான கண்மாய் வேறு என்பதையும் அந்தப் பேச்சிலேயே சொல்லிவிடலாம்.

என் கட்சி இதுதான்: கேள்வியாக எழுதுவதை வெறும் நாகரிகம் என்று நினைக்காதீர்கள். விதி தெரிந்தவர் ஒருவர், இடம் தெரிந்தவர் இன்னொருவர் என்று அறிவு இரண்டாகப் பிரிந்து கிடக்கும் இடத்தில், உண்மையைக் கண்டுபிடிக்கக் கேள்வியைவிட நல்ல கருவி இல்லை.

எழுதும் முன் கொஞ்சம் பாருங்கள்

கமென்ட் எழுதுமுன் சேஞ்ச்செட்டின் விவரங்களை ஒரு நிமிடம் படித்தாலே பாதிக் கோபம் இறங்கிவிடும். உலாவியில் பலரும் பயன்படுத்தும் ஐடி என்ற எடிட்டர், அந்த நபர் அதுவரை எத்தனை சேஞ்ச்செட் சேமித்திருக்கிறார், எந்தச் சாட்டிலைட் படத்தைப் பார்த்து வரைந்தார், எந்த மொழியில் எடிட்டரை வைத்திருந்தார் என்பதையெல்லாம் தானே பதிந்து வைக்கும். எண்ணிக்கை ஒன்று என்றிருந்தால் அவர் இன்றைக்குத்தான் வந்திருக்கிறார். மொழி தமிழ் என்றிருந்தால் ஆங்கிலத்தில் எழுதி அவரை மிரட்ட வேண்டியதில்லை.

"என் திருத்தங்களை யாராவது சரிபாருங்கள்" என்று சேமிக்கும்போது குறித்துவிட ஒரு பெட்டியும் அந்த எடிட்டரில் உண்டு. அதைக் குறித்தவர் தானாகவே உதவி கேட்கிறார். அவருக்கு யாரும் பதில் போடாமல் விடுவது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. தவறு செய்தவரிடம் ஓடிப்போய்ப் பேசுகிற நாம், நன்றாகச் செய்தவரிடம் வாயைத் திறப்பதில்லை.

தெருவெல்லாம் நாலைந்து மீட்டர் தள்ளிப் போயிருக்கிறதா? படத்தைப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் சாட்டிலைட் படமும் இன்னொன்றின் படமும் தரையில் அப்படியே பொருந்துவதில்லை. முன்னவர் ஒன்றைப் பார்த்து வரைந்ததைப் பின்னவர் மற்றொன்றைப் பார்த்து நகர்த்தியிருப்பார். சாலையின் நடுவில் ஒரு புள்ளி மட்டும் வயலுக்குள் கூராக நீட்டிக்கொண்டிருந்தால், வரைபடத்தை நகர்த்தப் போன கை அந்தப் புள்ளியை இழுத்துவிட்டிருக்கும். எதிலும் கெட்ட எண்ணம் இல்லை.

ஒரு நல்ல கமென்ட்

இரண்டு விதமாக எழுதிப் பார்ப்போம். முதல் விதம்:

"கட்டடங்கள் தவறாக வரையப்பட்டுள்ளன. விதிகளைப் படித்துவிட்டு எடிட் செய்யவும்."

எந்தக் கட்டடம்? என்ன தவறு? எந்த விதி? படித்தவருக்கு ஒன்று மட்டும்தான் புரியும், தான் வேண்டாதவர் என்று. இரண்டாம் விதம்:

"வணக்கம். கானாடுகாத்தானில் தெருக்களுக்குப் பெயர் சேர்த்ததற்கு நன்றி, இதுவரை அங்கே பெயரே இல்லை. சிவன் கோயிலுக்கு வடக்கே நாலு கட்டடங்கள் ஒட்டி ஒட்டி வரைந்திருக்கிறீர்கள். இந்தப் பக்கத்து வீடுகள் உள்ளே முற்றம் வைத்து நீளமாக இருக்கும். அது ஒரே வீடாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். உங்களுக்கு அந்த இடம் தெரியுமா? ஒரே வீடு என்றால், வெளிச்சுற்றை ஒன்றாக வரைந்து முற்றத்தை மட்டும் உள்ளே வெட்டிவிடலாம். எப்படி என்று தெரியவேண்டுமானால் சொல்லுங்கள், காட்டுகிறேன்."

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. செய்த நல்லதில் குறிப்பான ஒன்றைச் சொல்கிறது, எந்த இடம் என்று சொல்கிறது, சந்தேகத்துக்குக் காரணம் சொல்கிறது, கேட்கிறது, அடுத்து செய்ய வேண்டியதைக் கையில் கொடுக்கிறது. பாராட்டு குறிப்பாக இருக்கவேண்டும். "சூப்பர், ஆனால்" என்று தொடங்கினால் "ஆனால்" மட்டும்தான் காதில் விழும். பத்துத் தவறு தெரிந்தாலும் முக்கியமான ஒன்றை மட்டும் எடுங்கள். மற்றது அவர் பதில் போட்டபிறகு ஆகட்டும்.

எப்படி அழைப்பது என்பதிலும் எங்கள் வரைபட நண்பர்களுக்குள் பேச்சு வரும். நேரில் பழகியவர்களுக்குள் அண்ணா, அக்கா, சார் என்று ஓடும். புதியவருக்கு அது வேண்டாம். பயனர் பெயருக்குப் பின்னால் இருப்பது கல்லூரி மாணவியா, ஓய்வுபெற்ற தலையாரியா என்று நமக்குத் தெரியாது. "தம்பி, இப்படிச் செய்யக்கூடாது" என்று எழுதிவிட்டு அது அறுபது வயதுப் பெரியவராக இருந்தால்? "வணக்கம்" போதும், "நீங்கள்" போதும்.

பதில் வரவில்லை என்றால் திமிர் என்று முடிவு கட்டவேண்டாம். கைபேசிச் செயலியிலிருந்து ஒரு கடையைச் சேர்த்துவிட்டுப் போனவர் அந்த மின்னஞ்சலைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார். ஒரு வாரம் பொறுத்து நீங்களே திருத்துங்கள். ஏன் திருத்தினீர்கள் என்று அதே இடத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஒரு வார்த்தையும் சொல்லாமல் பழைய நிலைக்கு மாற்றிவிடுவதைப்போல ஆளை விரட்டுவது வேறில்லை.

மென்மை வேறு, மழுப்பல் வேறு

நட்பாகச் சொல்வது என்றால் சுற்றிவளைப்பது என்று பொருளில்லை. "கொஞ்சம் கவனமாகச் செய்யலாமே" என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. சில விஷயங்களை நேராகவே சொல்லவேண்டும். கூகுள் மேப்பைப் பார்த்துத் தெருப்பெயரை இங்கே எழுதுவது அப்படி ஒன்று. அங்கிருந்து எடுத்தால் உரிமைச் சிக்கல் வரும், எடுத்ததையெல்லாம் நீக்கவேண்டியிருக்கும். "அங்கிருந்து எடுக்க நமக்கு அனுமதி இல்லை, தெருவில் இருக்கும் பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதலாம்" என்று காரணத்தோடு சொன்னால் பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

வேண்டுமென்றே கெடுப்பவர்களும் உண்டு. 2017 இறுதியில் போக்கிமோன் கோ விளையாட்டு தன் வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை எடுத்துக்கொண்டது. பூங்கா இருந்தால் நல்ல போக்கிமோன் கிடைக்கும் என்று நம்பிய சிலர் தங்கள் வீட்டைச் சுற்றி இல்லாத பூங்காக்களை வரைந்தார்கள். இப்படிப்பட்டதை உடனே நீக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தின் வரலாறும் சேமிப்பில் இருப்பதால் பழைய நிலைக்குத் திரும்புவது முடியாத காரியமில்லை. ஆனால் அதே விளையாட்டின் வழியாக வந்தவர்களில் தங்கள் பேட்டையின் உண்மையான நடைபாதைகளை வரைந்தவர்களும் இருந்தார்கள். இருவரையும் பிரித்தறிய முதல் கமென்ட்டும் அதற்கு வரும் பதிலும்தான் உதவும்.

சொல்லியும் கேட்காதவர்களுக்கு, தரவுப் பணிக்குழு என்ற தன்னார்வலர் குழு இருக்கிறது. அவர்களிடம் இருக்கும் மென்மையான ஆயுதம் எனக்குப் பிடிக்கும்: பூஜ்ய மணி நேரத் தடை. ஒரு செய்தி அந்த நபருக்குப் போகும். அதைத் திறந்து படிக்கும்வரை எடிட் செய்யமுடியாது. படித்த கணமே தடை விலகிவிடும். தண்டிப்பதைவிட, காதுகொடுக்க வைப்பதுதான் அதன் வேலை.

ஆள் போனால்

கடுமையாகப் பேசினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு விக்கிப்பீடியாவின் அனுபவத்தைச் சொல்வேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுகிறவர்களின் எண்ணிக்கை 2007இல் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கத் தொடங்கியது. ஏன் என்று ஏரன் ஹாஃபேக்கரும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விஷமிகளைத் தடுக்கக் கொண்டுவந்த விதிகளும் தானியங்கிக் கருவிகளும், நல்ல எண்ணத்தோடு வந்த புதியவர்களின் திருத்தங்களையும் சேர்த்துத் தள்ளிவிட்டன. முதல் முயற்சியே தள்ளப்பட்டவர்கள் தங்கவில்லை என்பது அவர்கள் கண்டது. பெல்ஜியத்தின் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குழுவினர் வேறு வழியில் போகிறார்கள். தங்கள் நாட்டில் முதல்முறை வரைந்தவர்கள் யார் யார் என்று பார்த்து வரவேற்புச் செய்தி அனுப்ப ஒரு கருவியே செய்து வைத்திருக்கிறார்கள்.

கலைக்களஞ்சியத்தில் ஒருவர் விட்ட கட்டுரையைப் புத்தகம் படித்து இன்னொருவர் எழுதிவிடலாம். ஒரு கிராமத்தின் மேலத்தெருவும் கீழத்தெருவும் எங்கே பிரிகின்றன, மழைக்காலத்தில் எந்தத் தரைப்பாலம் மூழ்கும், புது ரேஷன் கடை எந்தச் சந்தில் இருக்கிறது என்பதெல்லாம் அங்கே குடியிருப்பவருக்கு மட்டுமே தெரியும். அப்படிப்பட்ட ஒருவரை நாம் ஒரு வரியில் விரட்டிவிட்டால், அவர் ஊருக்கு அடுத்த ஆள் வர எத்தனை காலமாகுமோ.

உங்கள் ஊரை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒருமுறை திறந்து பாருங்கள். தப்பாகத் தெரிவதன் விவரங்களைத் திறந்தால் யார், எப்போது, எந்த சேஞ்ச்செட்டில் மாற்றினார் என்று காட்டும். அழிப்பதற்கு முன் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அவர் பதில் எழுதினால் அந்த இடம் சரியாகும். அதைவிட, உங்கள் ஊரை வரைய இரண்டாவதாக ஒருவர் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.